டிசம்பர் லீவில் பிள்ளையோடு சந்தித்த அந்த ஒருவர்: உங்கள் அனுபவம்

கல்லடி அம்மா:

நேரே விஷயத்துக்கு வருகிறேன். போன மார்கழி 26. காலை 9.25க்கு முன்னர் மட்டக்களப்பு நாவலடி சுனாமி நினைவுத் தூபியடிக்குப் போய்விட வேண்டும் என்று அம்மா விடியற்காலையிலேயே அவசரப்படுத்தத் தொடங்கிவிட்டார். ஏன் போகிறோம் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அம்மாவின் தம்பி குடும்பத்தில் ஐந்து பேர். மூன்று பேருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. மற்ற வருடங்களில் மகனை மாமியிடம் விட்டுவிட்டுத்தான் போவோம். இந்தத் தடவை லீவு, மாமியும் வீட்டில் இல்லை, அவனுக்கும் ஐந்து வயது ஆகிவிட்டது, வரட்டும் என்று கூட்டிக்கொண்டு போனோம்.

இரண்டு நிமிட மௌனம் தொடங்கியது. கண்ணை மூடியிருந்தேன். திறந்தபோது என் கைக்குள் அவன் கை இல்லை.

பத்தடி தள்ளி, அலை வந்து நனைக்கும் இடத்தில் குந்தியிருந்தான். கையில் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் லொறி. புத்தம் புதிது, விலைச்சீட்டு அப்படியே ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு பூமாலை, கற்பூரம், பிரிக்காத பிஸ்கட் பக்கெட். அவனுக்குப் பின்னால் அறுபது வயது தாண்டிய ஒருவர் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. ஓடிப்போய் லொறியைப் பறித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, "மன்னிச்சுக்கொள்ளுங்க ஐயா" என்றேன்.

அவர் குனிந்து லொறியை எடுத்து மறுபடி மகன் கையில் கொடுத்தார். "விடுங்க மகள். விளையாடத்தானே வாங்கினது" என்றார். எத்தனை வயது என்று அவனைக் கேட்டார். இவன் வாயால் சொல்லாமல் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினான். அந்த விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "அவனுக்கும் அஞ்சு" என்றார். அவ்வளவுதான், நடந்து போய்விட்டார்.

பெயர் கேட்கவில்லை. ஊர் கேட்கவில்லை. லொறி இப்போது எங்கள் அலுமாரிக்கு மேலே இருக்கிறது. மகன் கேட்டு அழுகிறான். விளையாடக் கொடுக்கவும் மனம் வரவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. அடுத்த 26 வருகிறது. கொண்டுபோய் அதே இடத்தில் வைத்துவிடவா? நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?

காத்தான்குடி வாப்பா:

லொறியை மகனிடமே கொடுங்கள் என்பதுதான் என் எண்ணம். காரணம் சொல்லத் தெரியவில்லை, என் கதையைச் சொல்கிறேன்.

மூன்று வருடம் இருக்கும். லீவு, விடாத மழை. வீட்டுக்குள் அடைபட்ட மூன்று பிள்ளைகளையும் சமாளிக்க முடியாமல், கொஞ்ச நேரம் டவுனுக்காவது கொண்டு போங்கள் என்று மனைவி சொன்னார். நத்தார் வியாபாரம் மும்முரமாக நடந்த கிழமை. ஒரு உடுப்புக்கடை வாசலில் நத்தார் பாப்பா வேடம் போட்ட ஒருவர் டொஃபி கொடுத்துக்கொண்டு நின்றார். சின்னவளுக்கு அப்போது நான்கு வயது. முகமூடியைக் கண்டதும் வீரிட்டு அழுதாள். ஆனால் டொஃபியும் வேண்டும். கிட்டப் போகவும் விடவில்லை, அங்காலே நகரவும் விடவில்லை.

அந்த ஆள் கடைக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தூணுக்குப் பின்னால் குந்தி முகமூடியைக் கழற்றினார். பார்த்தால் பதினாறு, பதினேழு வயதுப் பெடியன். அந்த மழைக் குளிரிலும் முகம் முழுக்க வியர்வை. மகளிடம், "பயப்புடாத, நானும் ஒன்னப் போல புள்ளதான்" என்றான். பிறகு என்னிடம், "காக்கா, ஒரு நிமிசம் இதப் புடிங்க" என்று முகமூடியை நீட்டினான். அண்ணனைக் கூப்பிடும் எங்கள் முஸ்லிம் பேச்சில் காக்கா என்றதும்தான் எங்கள் ஆள் என்று தெரிந்தது. லீவு நாளில் நாள் சம்பளத்துக்கு நிற்கிறானாம். சப்பாத்தைக் கழற்றிக் கவிழ்த்தான். தண்ணீர் ஊற்றியது. காலிலே விரல்கள் வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தன. மகள் அழுகையை நிறுத்திவிட்டு அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே இருந்து ஒரு சத்தம் வந்தது. அவன் முகமூடியை வாங்கிப் போட்டுக்கொண்டு எழும்பி, மறுபடி கையாட்டத் தொடங்கினான். நான் ஒரு பிளேன்டீ கூட வாங்கிக் கொடுக்காமல் வந்துவிட்டேன். என் மூத்த மகனுக்கு இப்போது பதினைந்து வயது. மகள் இன்றைக்கும் நத்தார் பாப்பா படத்தை எங்கே கண்டாலும் கேட்பாள்: "வாப்பா, அந்தக் காக்காட கால் காஞ்சிருக்குமா?"

கல்முனை, ஓய்வுபெற்ற மிட்வைஃப்:

கல்லடித் தங்கச்சி கோபிக்க வேண்டாம். ஐந்து வயதுப் பிள்ளையை அங்கே கொண்டு போனது எனக்குச் சரியாகப் படவில்லை. அழுகிற சனத்துக்கு நடுவே பிள்ளை எதைப் பார்க்கும்? அதைவிட, கையை விட்டுப் பத்தடி போய்விட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். வாடைக் கடல் அது. இந்த மாதத்தில் அனுபவப்பட்ட மீன்பிடிகாரரே யோசித்துத்தான் தோணி இறக்குவார்கள்.

என் அனுபவம் சின்னது. சேவையில் இருந்த காலம், இதே லீவு. ஒரு வீட்டில் சொந்தக்காரர் எல்லோரும் கூடிப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்றரை வயதுப் பிள்ளை குளியலறைப் பேசினுக்குள் தலைகுப்புற விழுந்துவிட்டது. அரை அடித் தண்ணீர்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளை கண்டதால் உயிர் தப்பியது. முறுக்கு மாவோடு இருந்த கையாலேயே தாய் தூக்கியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நான் பார்க்கும்போது பிள்ளையின் முதுகில் பத்து விரலும் வெள்ளையாகப் பதிந்திருந்தன. அந்த வீட்டில் அன்றைக்குப் பதினைந்து பேர். ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்கிறார் என்று இருந்துவிட்டார்கள்.

அதனால் சொல்கிறேன். லீவுக்கு வீடு நிறைய ஆட்கள் வந்தால், "இப்ப பிள்ளை ஆருட பொறுப்பு" என்று வாயால் சொல்லி ஒப்படையுங்கள். கண்ணால் காட்டினால் போதாது. வாளி, பேசின் எதிலும் தண்ணீர் நிரப்பி வைக்காதீர்கள். கிணற்றுக்குக் கட்டு இருந்தாலும் மேலே வலை போடுங்கள். மழைக்கு வளவில் குழியெல்லாம் நிரம்பி, பழக்கமான இடமே பிள்ளைக்கு ஆழம் தெரியாத இடமாகிவிடும்.

அடுத்தது டெங்கு. இந்த மழையோடுதான் கூடும். பீலி, பழைய டயர், யோகட் கப், பூச்சாடித் தட்டு எல்லாவற்றையும் கிழமைக்கு ஒருமுறையாவது கவிழ்த்துவிடுங்கள். அந்த நுளம்பு பகலில் கடிப்பது. காலையிலும் பின்னேரத்திலும்தான் அதிகம், அதனால் பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும். காய்ச்சல் என்றால் நிறைக்கு ஏற்ற அளவில் பரசிட்டமோல் மட்டும். அஸ்பிரின், இபுபுரோபன், டைக்ளோபெனக் வேண்டவே வேண்டாம், உள்ளே இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். இரண்டு நாள் தாண்டினால் இரத்தம் சோதியுங்கள். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதியாக இருக்காதீர்கள், காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் பல பிள்ளைகளுக்கு ஆபத்து வந்தது. வயிற்று வலி, தொடர்ந்து வாந்தி, கைகால் குளிர்வது, சலம் (சிறுநீர்) குறைவது, இதில் ஒன்றைக் கண்டாலும் பொழுது விடியக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பாசிக்குடாவுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சித்திரை முதல் புரட்டாசி வரை குளம் போல் கிடக்கும் கடலை நம்பி மார்கழியில் பிள்ளையை இறக்காதீர்கள்.

செங்கலடி தாய்:

நான் நீளமாக எழுதப் பழகாதவள். போன வருடம் இவர் கத்தாரிலிருந்து லீவுக்கு வந்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு. போகும்போது மகள் ஆறு மாதம்.

கட்டுநாயக்காவில் இறங்கி இரவு பஸ் ஏறி, விடியப்புறம் கடப்பைத் திறந்துகொண்டு வந்து நின்றார். மகள் என் காலுக்குப் பின்னால் ஒளித்தாள். "அப்பாடா, அப்பா வந்திருக்கிறார்" என்றேன். அவள் உள்ளே ஓடிப்போய் என் போனை எடுத்து வந்து அவருக்குக் காட்டினாள். "இல்ல, அப்பா இதுக்குள்ள."

இவர் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மாட்டுக்கொட்டில் பக்கமாகப் போனார். கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. வீடியோ அழைப்பு. அவர்தான், எங்கள் வளவிலேயே நின்று எடுக்கிறார். மகள் போனைப் பிடித்துக்கொண்டு, சாப்பிட்டதிலிருந்து கோழிக்குஞ்சு வரைக்கும் எல்லாம் சொன்னாள். அப்படியே மூன்று நாள் சுவருக்கு அங்கால் நின்று பேசினார். நான்காம் நாள் பேசிக்கொண்டே மெல்ல நடந்து வந்து அவளுக்கு முன்னால் குந்தினார். அவள் போனையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவர் மூக்கைத் தொட்டாள்.

பிறகு இருபது நாள் அவர் தோளிலிருந்து இறங்கவில்லை. பொங்கல் முடிந்து அவர் திரும்பிப் போன அன்று நாங்கள் எல்லோரும் அழுதோம். அடுத்த நாள் இரவு கத்தாரிலிருந்து அழைப்பு வந்தபோது அவள் மட்டும் துள்ளிக்கொண்டு சொன்னாள்: "அம்மா, அப்பா திரும்பி வந்திட்டார்!" அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

டச்பார் டீச்சர்:

செங்கலடித் தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டு வேறு எதையும் தொட மனம் வரவில்லை. ஆனாலும் மிட்வைஃப் அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

வாளி, காய்ச்சல் பற்றி நீங்கள் எழுதிய ஒவ்வொன்றையும் ஏற்றுக்கொள்கிறேன். பிள்ளையைத் தூபியடிக்குக் கூட்டிப் போகக் கூடாது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. 2004ல் அது நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிறு, போயா லீவும்கூட. பிள்ளைகள் எல்லோரும் வீட்டில். எங்கள் பக்கத்தில் முதல் நாள் இரவு பைலா ஆடிய வீடுகள் காலையில் இல்லை. கடலைப் பற்றி எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தந்திருக்கவில்லை. சுமத்ராவுக்குப் பக்கத்தில் சிமலூ என்று ஒரு தீவு இருக்கிறது, நிலநடுக்கம் நடந்த இடத்துக்கு மிகவும் கிட்ட. 1907ல் வந்த அலையைப் பற்றி அங்கே பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்ததால், நிலம் ஆடி முடிந்ததும் சனம் மேட்டுக்கு ஓடியது. மிகச் சிலரைத் தவிர எல்லோரும் பிழைத்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு யார் சொல்வது? அழுகிற முகத்தைக் கண்டால் பிள்ளை கெட்டுப்போகாது அக்கா. கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன்.

என்னுடைய அனுபவம் 2019 மார்கழி. அந்த வருடம் உயிர்த்த ஞாயிறன்று எங்கள் ஊரில் தேவாலயக் குண்டுவெடிப்பில் எத்தனை பிள்ளைகள் போனார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நத்தார் இரவுத் திருப்பலிக்குப் போனால் வாசலில் பைகளைச் சோதிக்கிறார்கள். வரிசையில் என் பேத்தி, நான்கு வயது, தன் குட்டிப் பையைத் தானே திறந்து நீட்டினாள். உள்ளே ஒரு துணிப் பொம்மை. அந்த ஆமிக்காரர் அதை எடுத்துத் திருப்பி, முதுகில் இருந்த தையலை விரலால் தடவிப் பார்த்தார். சின்னப் பெடியன்தான், சிங்களப் பிள்ளை. அவர் கை நடுங்கியதை நான் கண்டேன். பேத்தி, "அவவுக்குக் கூசும்" என்றாள். அவருக்கு விளங்கவில்லை. பொம்மையின் சட்டையை இழுத்துச் சரிபண்ணி, இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். பூசை முழுக்க அந்த இரண்டு கையும்தான் எனக்கு முன்னால் நின்றது.

கல்முனை, ஓய்வுபெற்ற மிட்வைஃப்:

டீச்சர், நானும் அன்றைக்கு ஆட்களைப் பறிகொடுத்தவள்தான். அதனால்தான் பயம். சரி, சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டும். கூட்டிப் போகட்டும், தண்ணீர்ப் பக்கம் பெரியவர் ஒருவர் நிற்கட்டும்.

நாவலடி தோணிக்காரன்:

கல்லடி அக்கா, அந்த ஐயாவை எனக்குத் தெரியும். பெயர் தெரியாது. வருடா வருடம் தனியாக நடந்து வருவார். ஒவ்வொரு தடவையும் புதுச் சாமான் ஒன்று. முந்திய வருடம் சிவப்புக் கார். அதை வைத்துவிட்டு, அலை வந்து எடுத்துக்கொண்டு போகும் மட்டும் அசையாமல் நிற்பார். சில நேரம் பகல் ஆகிவிடும், அலை எடுக்காது, அப்படியே நிற்பார். நாங்கள் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுப்போம்.

போன வருடம்தான் நிற்காமல் திரும்பிப் போனார். கடலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வருத்தமாக்கும் என்று நினைத்தோம். ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது.

கல்லடி அம்மா:

தம்பி, இதைப் படித்துவிட்டு நெடுநேரம் எழுத முடியவில்லை. அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன்.

லொறியை இன்று பின்னேரம் இறக்கிக் கொடுத்துவிட்டேன். மழை விட்ட நேரம் பார்த்து வளவில் மண் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறான். விலைச்சீட்டு ஈரத்தில் உரிந்துவிட்டது. 26ஆம் திகதி லொறியோடுதான் வருவான், கையை நான் விடமாட்டேன். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், மெதுவாகத்தான் நடப்பார். ஐயா முன்னதாக வந்துவிட்டால் கொஞ்சம் நிற்கச் சொல்லுங்கள்.