மறு: சூடோரைசா – ‘பொய்வேர்’ போதுமா?

> பொய்க்கால், பொய்க்கனி என்றெல்லாம் ஏற்கெனவே இருக்கும்போது ‘பொய்வேர்’ என்பதில் என்ன குறை?

ஐயா, வணக்கம்.

காளான் காம்பு மண்ணுக்குள் வேர் போல நீளும் பகுதியைத்தான் சூடோரைசா என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதானே பேச்சு. ‘பொய்வேர்’ என்ற சொல்லில் குறை இல்லை. ஆனால் அது வேர் இல்லை என்று சொல்வதோடு நின்றுவிடுகிறது. என்ன என்று சொல்லவில்லை. கரையான் புற்றில் முளைக்கும் புற்றுக்காளானைப் பிடுங்காமல் பக்கவாட்டில் மண்ணைத் தோண்டிப் பாருங்கள். காம்பு மண்ணுக்குள் மெலிந்துகொண்டே இறங்கி, கரையான் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டத்தில் போய் முடியும். பழுப்பு நிறத்தில் பஞ்சு போல ஓட்டை ஓட்டையாக, மேலே கடுகளவு வெள்ளை உருண்டைகளோடு இருக்கும் அது. நமக்குத்தான் காம்பு கீழே இறங்குகிறது. காளானோ அங்கே முளைத்து மேலே ஏறி வருகிறது. வேர் செய்வதற்கு நேர்மாறான வேலை இது. ஆகவே அது காம்பின் கீழ்நீட்சிதான்.

அதனால் என் பரிந்துரை ‘வேர்க்காம்பு’. வேர்க்கடலை கடலைதானே, வேர் அல்லவே! அதே போல இதுவும் காம்பு.

> ‘புற்றுவேர்’ என்றால் எல்லோருக்கும் உடனே புரியுமே?

புரியும். ஆனால் புற்றோடு தொடர்பே இல்லாத ஹைமனோபெல்லிஸ் காளான்களுக்கும் இந்த உறுப்பு உண்டு. அவை மண்ணில் புதைந்த மரத்திலிருந்து வருபவை. இன்னொரு பக்கம், கரையான் வெளியே தள்ளும் தோட்டத் துகள்களில் கூட்டமாக முளைக்கும் டெர்மிட்டோமைசஸ் மைக்ரோகார்பஸ் என்ற இனத்துக்கு நீண்ட வேர்க்காம்பு கிடையாது. புற்றுக்காளான்கள் எல்லாம் டெர்மிட்டோமைசஸ் என்ற ஒரே பேரினம்தான், ஆனாலும் இப்படி.

இனம் பிரிக்க இது எவ்வளவு தேவை என்பதற்கு நம் ஊர்க் காளானே சாட்சி. பிரெஞ்சுப் பூஞ்சையியலாளர் ரோஜர் ஹைம் 1942இல் டெர்மிட்டோமைசஸ் பேரினத்தை அமைத்தார். அவர் பெயரால் டெர்மிட்டோமைசஸ் ஹெய்மி என்ற இனத்தை 1979இல் விவரித்தவர் கே. நடராஜன். வெள்ளைக் குடை, காம்பில் உதிராத வளையம், இளஞ்சிவப்புச் சாயலுள்ள வித்துப் பதிவு (குடையைத் தாளில் கவிழ்த்து வைத்தால் வித்துகள் உதிர்ந்து படியும் தடம்), வேர்க்காம்பு எல்லாம் சேர்ந்து பொருந்தினால்தான் ஹெய்மி என்ற பேச்சே. குடையையும் வளையத்தையும் மட்டும் படம் எடுத்துவிட்டு “இது என்ன இனம்?” என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது? வளையம் அமானிட்டா என்ற வேறொரு பேரினத்துக்கும் உண்டு. அமானிட்டாவின் காம்படியில் இருக்கும் பை, பிடுங்கும்போது மண்ணிலேயே தங்கிவிடும். அந்தப் பேரினத்தில் ஆளைக் கொல்லும் இனங்கள் உள்ளன. குளோரோஃபில்லம் மொலிப்டைட்டஸ் என்ற நச்சுக்காளானும் வெள்ளைதான், அதற்கும் வளையம் உண்டு. பச்சை வித்துப் பதிவு காட்டிக்கொடுத்துவிடும். அதைத் தின்றால் வாந்தியும் பேதியும்தான்.

சரி, நம் கலைச்சொல் பட்டியலில் இப்படிச் சேர்க்கலாமா:

வேர்க்காம்பு: காளான் காம்பின், மண்ணுக்குள் இருக்கும் வேர் போன்ற நீட்சி.

அப்புறம், குடையின் உச்சியில் மண்ணைத் துளைத்து வர உதவும் கெட்டியான முனைக்கும் பெயர் வேண்டும். பெர்ஃபொரட்டோரியம் என்பார்கள். ‘துளைமுனை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ‘கொண்டை’ என்று யாரோ முன்பு சொன்னார்கள். பல காளான்களில் துளைக்கிற வேலை இல்லாத வெறும் மேடும் இருப்பதால், கொண்டையை அதற்கு விட்டுவிடலாம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.