ஆத்தங்குடி கல் தரையில் விருந்தாளி வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு?

கேள்வி: வளவுவீடு
கானாடுகாத்தானில் எங்க பூர்வீக வீட்டோட முன்கட்டை மட்டும் சரிபண்ணி, தங்க வர்றவங்களுக்கு நாள் வாடகைக்கு விடப்போறோம். பத்திரத்துல பங்காளிகள் அஞ்சு பேர், நடத்தப்போறது நான். வளவு முற்றத்தைச் சுத்தி ஆத்தங்குடி கல். மழை பெஞ்சா சாரல் தாழ்வாரம் வரை வருது. வாசப்படி தெருவுக்குள்ள ஒண்ணரை அடி நீண்டிருக்கு. ஓட்டுத் தண்ணி நேரா தெருவுல விழுந்து பாசி பிடிக்குது. யாராச்சும் விழுந்தா கேஸ் யார் மேல வரும்? "நிர்வாகம் பொறுப்பல்ல"ன்னு போர்டு வெச்சா போதுமா?

பதில் 1: கட்டுமானம்_பள்ளத்தூர்
சட்டத்தை வக்கீல்கள் சொல்லட்டும், நான் தரையைச் சொல்றேன்.

ஆத்தங்குடி கல்லைக் கண்ணாடி மேல வார்க்கிறாங்க, அதனாலதான் அந்த வழவழப்பு. காய்ஞ்சிருந்தா வெறுங்காலுக்குப் பிடி இருக்கும். நனைஞ்சா போச்சு. பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கிற பழக்கம் இருந்தா, விருந்தாளி நடக்கிற இடத்துல முதல்ல அதை நிறுத்துங்க. எண்ணெய்ப் படலத்து மேல சாரல் விழுந்தா எந்தச் செருப்பும் நிக்காது.

கடையில "ஆன்டி ஸ்கிட் கெமிக்கல்"னு, தரை வழுக்காம இருக்க ஒண்ணு தருவாங்க. பெரும்பாலும் ஆசிட், கிரானைட்டுக்கும் செராமிக்குக்கும் செஞ்சது. இது சிமெண்ட் கல். மேல இருக்கிற நிறப்படலம் சில மில்லிமீட்டர்தான், ஆசிட் பட்டா அரிச்சு வெளுத்துடும். தொடாதீங்க.

கல்லை மாத்த முடியாது, தண்ணியைத்தான் தடுக்கணும். தாழ்வாரத்து ஓரத்துல மூங்கில் தட்டி. முற்றத்து விளிம்புல ரெண்டடி அகலத்துக்குக் கருங்கல் பட்டியல் (நீளப் பலகைக் கல்), மீட்டருக்கு 15 மி.மீ. வாட்டம் முற்றத்துப் பக்கமா. இருக்கிற பட்டியல் தேய்ஞ்சு வழுவழுன்னு இருந்தா புதுசு வேண்டாம், அம்மி கொத்துறவரை வெச்சுக் கொத்தினாலே போதும். மிதியடிக்கு அடியில ரப்பர் இருக்கணும். வெறும் கயித்து மிதியடி கல் மேல தானே வழுக்கி ஆளையும் இழுத்துட்டுப் போகும்.

புதுசா கட்டுற குளியலறைக்கு ஆர்11 டைல்ஸ் கேளுங்க, ஆர் எண் வழுக்காத தன்மைக்கான தரம். ஆனா அந்த அளவீடு ஷூ காலுக்கானது. வெறுங்காலுக்கு ஏ, பி, சி-ன்னு தனி வகை உண்டு, ஷவர் இடத்துக்கு பி. பெண்டுலம் சோதனை (ஊசலை ஆட விட்டுத் தரையோட பிடியை அளக்கிறது) செய்யறவங்க கிடைச்சா, ஈரத்தரையில 36-ஓ அதுக்கு மேலயோ வரணும். 24-ம் அதுக்குக் கீழயும் ஆபத்து.

பதில் 2: வழக்காடு
ஓர் இடத்துக்கு வருபவருக்கு அங்கே அடிபட்டால் யார் பொறுப்பு என்று சொல்ல, இங்கிலாந்தில் 1957-லேயே தனிச் சட்டம் வந்தது. நம் நாட்டில் அப்படி ஒன்று இல்லை. கவனக்குறைவால் தீங்கு செய்தவர் இழப்பீடு தர வேண்டும் என்ற பொதுவான தீங்கியல் கோட்பாடுதான். ஆனால் காசு வாங்கித் தங்கவைத்தால் விருந்தாளி நுகர்வோர் ஆகிவிடுவார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று 2 ஆண்டுக்குள் புகார் செய்யலாம். சிவகங்கைக்கு வர வேண்டியதுகூட இல்லை, அவர் குடியிருக்கும் ஊர் ஆணையத்திலேயே போடலாம்.

நடத்துவது நீங்கள், எனவே முதல் எதிர்மனுதாரர் நீங்கள்தான். கட்டடமே பழுதென்றால் பங்காளிகளையும் சேர்ப்பார்கள். பராமரிப்பு யார் செலவு என்று இப்போதே எழுதி வாங்குங்கள்.

தெருப்படிதான் எனக்குப் பெரிய கவலை. டெல்லி மணிக்கூண்டு இடிந்த வழக்கில் 1966-ல் உச்ச நீதிமன்றம், பொதுவழியை ஒட்டிய கட்டடத்தால் நடப்பவருக்குத் தீங்கு வந்தால், பழுது கண்ணுக்குத் தெரிந்ததா மறைந்ததா என்பது உரிமையாளருக்குத் தப்பிக்க வழியாகாது என்றது. உங்கள் படியோ ஆக்கிரமிப்பு வேறு. ஓட்டுத் தண்ணீரைத் தகரக் காடியில் பிடித்து, குழாய் வழியாக வடிகாலில் விடுங்கள். படியை உள்ளே இழுங்கள்.

போர்டு பொறுப்பைத் துடைத்துவிடாது. 2019-ல் ஓட்டலில் விட்ட கார் திருடுபோன வழக்கில், "உரிமையாளர் பொறுப்பில்" என்று டோக்கனில் அச்சடித்ததை வைத்து ஓட்டல் தன் கவனக்குறைவிலிருந்து நழுவ முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பதில் 3: பாலிசி_காரைக்குடி
போர்டே வேண்டாம்னு எடுத்துக்காதீங்க. "பொறுப்பல்ல" வேண்டாம், "மழை நேரத்தில் முற்றத்து ஓரம் வழுக்கும், வலப்பக்கமாக வரவும்"னு எழுதி, வலப்பக்கம் நிஜமாவே காய்ஞ்சிருந்தா, எச்சரிக்கையை மீறினவர் மேலயும் பங்கு விழும், இழப்பீடு குறையும்.

தீ, திருட்டு பாலிசியில இது வராது. வெளியாளுக்கு அடிபட்டா நீங்க தர வேண்டிய இழப்பீட்டுக்கான பப்ளிக் லயபிலிட்டி பாலிசி தனியா எடுக்கணும். 1991 சட்டப்படி கட்டாயமாக்கினது அபாயகரமான பொருள் கையாள்றவங்களுக்கு, அதோட குழப்பிக்காதீங்க. ஒரு விபத்துக்கு எவ்வளவு, வருஷம் முழுக்க எவ்வளவுன்னு ரெண்டு வரம்பு இருக்கும், ரெண்டையும் பாருங்க. வேலையாள் விழுந்தா அதுல வராது. அவங்களுக்குத் தொழிலாளர் இழப்பீடு தனி (முன்னாடி 1923 சட்டம், 2025 நவம்பர்ல இருந்து 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு), வேற பாலிசி.

வளவுவீடு
நன்றிங்க. ஒரு வேளை யாராச்சும் விழுந்துட்டா அன்னிக்கு என்ன செய்யணும்?

வழக்காடு
முதலில் ஆஸ்பத்திரி. "எங்கள் தவறுதான்" என்றோ "அவர் பார்த்து நடக்கவில்லை" என்றோ எழுதிக் கொடுக்காதீர்கள். தரையைத் துடைப்பதற்கு முன் படம் எடுங்கள். சிசிடிவி சில நாளில் தானாக அழிந்து மேலே பதிவாகும், அன்றே பிரதி எடுத்துவிடுங்கள். இன்சூரன்ஸ்காரருக்கு உடனே எழுத்தில் தகவல். துடைத்த நேரம், துடைத்தவர் பெயரோடு தினம் ஒரு நோட்டு இருந்தால் ஆணையத்தில் அதுதான் பேசும். சம்பவத்துக்கு அப்புறம் உட்கார்ந்து ஒரே பேனாவில் எழுதிய நோட்டு எதிர் வக்கீலுக்குத்தான் உதவும்.