கான்டனீஸில் ‘உறுதியாகத் தெரியாது’ என்பதைப் பணிவாகச் சொல்வது எப்படி?

புதுப்பயணி: வணக்கம். தென்சீன மொழியான கான்டனீஸில் யாராவது எதையாவது கேட்கும்போது எனக்கு உறுதியாகத் தெரியாவிட்டால் ‘ம் ஜீ’ (தெரியாது) என்று சொல்லிவிடுகிறேன். உடனே கேட்டவரின் முகம் வாடிவிடுகிறது. என் பிழை என்ன? நாளைக் காலைக்குள் யாரேனும் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

கௌலூன்வாசி: கேட்டவர் யார், கேட்டது என்ன? நீங்கள் இருப்பது ஹாங்காங்கிலா, குவாங்சோவிலா, கோலாலம்பூரிலா?

தேன்மொழி: ‘ம் ஜீ’யோடு நிறுத்திவிடுகிறீர்களா, பின்னால் ஏதேனும் சேர்க்கிறீர்களா?

ஈற்றசை: எல்லாம் வாக்கிய இறுதியில் வரும் அசைச்சொல்லில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. மொட்டையாக ‘ம் ஜீ’ என்றால் ‘எனக்கென்ன தெரியும்’ என்பதுபோல் விழும். ‘ம் ஜீ வோ’ என்றால் அந்தக் கடுமை தணியும். ஊகமாகச் சொல்வதற்கு ‘குவா’ இருக்கிறது. ‘டிங் யட் யிங்கோய் டக் குவா’ என்றால் ‘நாளைக்கு அநேகமாக முடிந்துவிடும் என்று நினைக்கிறேன்’ என்று பொருள்.

மூத்தவன்: ஆறு தொனிகளையும், அதாவது பொருளை மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்களையும், பழகாமல் அசைச்சொல்லுக்குத் தாவுகிறவர்களுக்கு இதைப் பலமுறை விளக்கியிருக்கிறேன், தேடிப் படித்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திராது. ‘வோ’வை நடுமட்டமான 3ஆம் தொனியில் சொன்னால்தான் மேலே சொன்ன தணிவு வரும். தாழ்ந்து எழும் 5ஆம் தொனியில் சொன்னால், பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்வதாகிவிடும்.

தேன்மொழி: அப்படியானால் அந்த ‘வோ’ நம் ‘ஆம்’தானே? ‘கொய் ம் லை வோ’ என்பது ‘அவர் வரமாட்டாராம்’ என்பதற்கு அப்படியே பொருந்துகிறது.

மூத்தவன்: ‘ஆம்’ கேள்விப்பட்டதைக் குறிக்கிறதே தவிர, ஐயத்தைக் குறிப்பதில்லை. இரண்டையும் குழப்பக் கூடாது.

தேன்மொழி: பொறுப்பேற்காமல் சொல்வதும் ஐயத்தின் ஒரு வகைதான். ‘பேருந்து எட்டு மணிக்கு வருமாம்’ என்று என் அம்மா சொல்லி, அது எட்டரைக்கு வந்தால் அவர்மீது யாரும் பழி சொல்வதில்லை.

கௌலூன்வாசி: கேள்வியைப் போட்ட புதுப்பயணிக்கு இதனால் பயனில்லை. கடையிலோ அலுவலகத்திலோ வந்தவர் கேட்டிருந்தால் ‘குவா’ வேண்டாம், பொறுப்பில்லாமல் ஊகிப்பதுபோல் ஆகிவிடும். ‘ம்ஹோ யீஸீ, ங்கோ ம் ஹை ஹோ சிங்சோ, போங் நெய் மன் ஹா’ என்று சொல்லுங்கள். ‘மன்னிக்கவும், எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை, உங்களுக்காகக் கேட்டுப் பார்க்கிறேன்’ என்பது பொருள். தெரியாது என்ற சொல்லைவிட, கேட்டுச் சொல்கிறேன் என்ற கடைசிப் பகுதியைத்தான் இங்குள்ளவர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

புதுப்பயணி: விவரம் சொல்லாமல் விட்டதற்கு மன்னிக்கவும். ஹாங்காங்கின் ஷாம் ஷுய் போ பகுதியில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். இன்று ஒரு மூதாட்டி தைலம் இருக்கிறதா என்று கேட்டபோது கௌலூன்வாசி தந்த வாக்கியத்தைச் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் உள்ளே போய்க் கேட்டு வரும்வரை காத்திருந்தார். நன்றி.