சந்தேகம்: சிறிய டோமுக்குப் பின்னால் 15 மி.மீ. அகலக்கோண மேக்ரோ லென்ஸ் ஏன் ஃபோகஸ் ஆவதில்லை?

நெய்தல்நிலா:
அனைவருக்கும் வணக்கம். இந்தோனேசியாவின் வட சுலாவெசியில், பிதுங் நகரை ஒட்டிய லெம்பே நீரிணையில், மயிரடர்ந்த தவளைமீனையும் தேங்காய்ச் சிரட்டைக்குள் ஒளிந்துகொள்ளும் பேய்க்கணவாயையும் (ஆக்டோபஸ்) அவை வாழும் கருமணல் தரையோடு சேர்த்துப் படமெடுக்க விரும்புகிறேன். அதற்காக லாவோவா 15 மி.மீ. எஃப்/4 மேக்ரோ லென்ஸை நிக்கான் டி500 கேமராவில் பொருத்தி, கேமராவின் நீர்புகா உறையின் (ஹவுசிங்) முன்னே பொருத்தும், 100 மி.மீ. விட்டமுள்ள அரைக்கோளக் கண்ணாடியான டோமுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். தரையில் 1:1 அளவுக்கு (பொருளின் உண்மை அளவே கேமராவின் சென்சாரில் பதியும் வகையில்) அருமையாகப் படமெடுக்கும் இந்த லென்ஸ், நீருக்குள் ஃபோகஸ் வளையத்தை மிகக் கிட்டத்தில் வைத்தால், மீனைக் கண்ணாடிக்கு எவ்வளவு அருகில் கொண்டுவந்தாலும் தெளிவாகக் காட்டுவதில்லை. முடிவிலியில் (மிகத் தொலைவுக்கான நிலை) வைத்தாலோ தொலைவில் நீந்தும் டைவரும் மங்கலாகவே தெரிகிறார். எடுத்த சில படங்களிலும் மீனின் இரு பக்கங்களில் மட்டும் வெளிச்சம் விழுந்து முகம் இருண்டிருக்கிறது. லென்ஸில் பழுதா, டோம் பொருந்தவில்லையா என்று தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கடலாடி:
லென்ஸில் பழுது எதுவும் இல்லை. நீங்கள் கூறும் இரண்டு கோளாறுகளுக்கும் காரணம் டோம்தான். இந்த லென்ஸ் 1:1 அளவைத் தரும்போது பொருளுக்கும் லென்ஸின் முன்பக்கத்துக்கும் இடையே வெறும் 4.7 மி.மீ. இடைவெளிதான் இருக்கும். லென்ஸின் விட்டமே ஏறத்தாழ 84 மி.மீ. என்பதால் உங்கள் டோமின் வளைவுக்குள் அது ஓர் எல்லைக்கு மேல் முன்னேற முடியாது. லென்ஸின் முகத்துக்கும் டோமின் உச்சிக்கும் இடையே சுமார் இரண்டரை செ.மீ. காற்று கட்டாயம் நிற்கும். ஆகவே வளையத்தை மிகக் கிட்டத்தில் வைக்கும்போது தெளிவு விழும் தளம் டோமுக்கு உள்ளேயே, அந்தக் காற்றிலேயே இருக்கிறது. எந்த மீனும் அங்கே வர முடியாது.

அடுத்தது முடிவிலி. நீருக்குள் டோம் ஒரு குழிலென்ஸைப் போல வேலை செய்து, வெளியே உள்ள காட்சியின் மாயபிம்பத்தைத் தனக்கு மிக அருகில் உருவாக்குகிறது. எல்லையற்ற தொலைவில் உள்ள பொருளின் பிம்பம் டோமின் ஆரத்தைப் போல் மூன்று மடங்கு தொலைவில் விழும். உங்கள் டோமின் ஆரம் 5 செ.மீ. என்பதால் அது கண்ணாடியிலிருந்து 15 செ.மீ. தொலைவில் இருக்கும். அதாவது கடல் முழுவதுமே உங்கள் லென்ஸுக்கு அந்த 15 செ.மீ.க்குள் அடங்கிவிடுகிறது. கண்ணாடியிலிருந்து 6 செ.மீ. தள்ளியிருக்கும் தவளைமீனின் பிம்பம் சுமார் 3.5 செ.மீ. தொலைவிலும், 1 மீட்டர் தள்ளியிருக்கும் பாறையின் பிம்பம் 12.5 செ.மீ. தொலைவிலும் நிற்கும். இதைச் சென்சாரிலிருந்து அளந்தால், வளையத்தில் தோராயமாக 15 செ.மீ. முதல் 30 செ.மீ. வரையுள்ள பகுதி மட்டுமே உங்களுக்குப் பயன்படும்.

ஒரு பெரிய பக்கெட்டில் நீர் நிரப்பி, ஹவுசிங்கை அமிழ்த்தி, நீருக்குள் ஓர் அளவுகோலை 6 செ.மீ. தொலைவில் நிறுத்தி அது தெளிவாகத் தெரியும் இடத்தில் வளையத்தில் குறியிடுங்கள். 1:1 அளவை மறந்துவிடுங்கள். கண்ணாடியைத் தொடும் பொருளுக்கும் இந்த அமைப்பில் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே கிட்டும். அகலக்கோண மேக்ரோ படத்துக்கு அது தாராளம், ஏனெனில் பின்னணி அடையாளம் தெரிவதே இத்தகைய படத்தின் உயிர்.

நெய்தல்நிலா:
மிக்க நன்றி. இன்னொரு சிக்கலும் உண்டு. அப்பெர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளை) எஃப்/16 என்ற சிறிய அளவில் வைத்தால் வியூஃபைண்டர் இருண்டுவிடுகிறது.

கடலாடி:
இந்த லென்ஸின் அப்பெர்ச்சரைக் கேமரா இயக்குவதில்லை; வளையத்தில் வைத்த அளவிலேயே அது எப்போதும் மூடியிருக்கும். வியூஃபைண்டருக்குப் பதிலாகப் பின்திரையில் காட்டும் லைவ் வியூவைப் பயன்படுத்துங்கள். ஹவுசிங்கின் ஒரே குமிழைக் கொண்டு இரண்டு வளையங்களையும் திருப்ப முடியாதாகையால், ஹவுசிங்கை மூடும் முன்பே அப்பெர்ச்சரை எஃப்/16 என வைத்துவிட்டு, குமிழை ஃபோகஸுக்கு ஒதுக்குங்கள். நீருக்குள் குறியிட்ட இடத்தில் வளையத்தை நிறுத்தி, கேமராவையே மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தித் தெளிவைப் பிடிப்பது வளையத்தைத் திருப்புவதைவிட எளிது.

பவளத்தீவு:
முகம் இருண்டது பற்றி நான் கூறுகிறேன். ஸ்ட்ரோப்களை (நீருக்கடி ஃபிளாஷ் விளக்குகள்) ஹவுசிங்கின் நீண்ட தாங்கிக் கைகளில் விரித்து வைத்தால் அவற்றின் இரு ஒளிக்கூம்புகளும் சந்திக்கும் இடம் மீனைத் தாண்டித்தான் இருக்கும்; 6 செ.மீ. தொலைவில் உள்ள மீன், அவை சந்திப்பதற்கு முன்னுள்ள இருட்டு முக்கோணத்தில் மாட்டிக்கொள்ளும். கைகளை முழுவதும் மடக்கி, ஸ்ட்ரோப்களை டோமின் இரு தோள்களிலும் ஒட்டினாற்போல், அவற்றின் முகம் கண்ணாடி விளிம்புக்குச் சற்றுப் பின்னால் இருக்குமாறு வையுங்கள். இரண்டிலும் ஒளியைப் பரப்பும் டிஃப்யூசர் பொருத்தி, ஒளியின் அளவை நன்கு குறையுங்கள். டோமின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நிழல் மறைப்பைக் கழற்ற முடியுமானால் கழற்றிவிடுங்கள். இவ்வளவு அருகில் வெளிச்சத்தை மறிப்பது பெரும்பாலும் அதுதான்.

லெம்பேயின் எரிமலைக் கருமணல் ஒளியை விழுங்கிவிடும். ஆகையால் கேமராவைத் தரையளவுக்குத் தாழ்த்தி, சற்று மேல்நோக்கிப் பிடித்து, நீரின் நிறத்தையே பின்னணியாக்குங்கள். எஃப்/16 என்பதால் ஐஎஸ்ஓ 400, ஷட்டர் 1/60 என்ற அளவில் தொடங்கிப் பார்க்கலாம். மீனை மட்டும் டோமை நோக்கித் தள்ளாதீர்கள், அதன் பாதையையும் அடைக்காதீர்கள். தவளைமீன் அசையாமல் இருப்பதால் அது அஞ்சவில்லை என்று கொள்ள முடியாது. ஓடி ஒளியும் வலுவே அதற்கு இல்லை. திரும்பத் திரும்ப முகத்தைத் திருப்பிக்கொண்டால் விலகிவிடுவதே முறை.

முத்துக்குளி:
மாற்று லென்ஸ் தேடுவதானால், டோக்கினா 10-17 மி.மீ. மீன்கண் லென்ஸுடன் குவியத் தூரத்தைக் கூட்டும் 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டரைச் சேர்த்துப் பாருங்கள். சென்சாரிலிருந்து 14 செ.மீ. வரை அது ஃபோகஸ் ஆகும். தானியங்கி ஃபோகஸும் கேமராவிலிருந்தே அப்பெர்ச்சரும் கிடைக்கும். உடல் ஒடுங்கியது என்பதால் சிறிய டோமுக்குள் நன்றாக முன்னே செல்லும். நாட்டிகாம் நிறுவனத்தின் இஎம்டபிள்யூஎல்-1 என்னும் அகலக்கோணத் துணை லென்ஸ் இன்னொரு வழி. மேக்ரோ லென்ஸின் தட்டைப் போர்ட்டுக்கு (ஹவுசிங்கின் தட்டையான கண்ணாடி முகப்பு) வெளியே மாட்டப்படும் அதன் ஒடுங்கிய குழலைக் கொண்டு, பெரிய டோம் நுழையாத இடுக்குகளிலும் படமெடுக்கலாம். ஆனால் எடையும் விலையும் மிக அதிகம் என்பதால், கையிலுள்ள லென்ஸின் எல்லையை முதலில் கண்டபின் வாங்குவதே நல்லது.

நெய்தல்நிலா:
பக்கெட்டில் சோதித்தேன். 6 செ.மீ. தொலைவில் அளவுகோலின் மில்லிமீட்டர் கோடுகள் எண்ணக்கூடிய அளவுக்குத் தெளிவாக விழுகின்றன. வளையத்தில் குறியும் இட்டுவிட்டேன். ஆனால் படத்தின் நான்கு மூலைகளும் இழுபட்டாற்போல் இருக்கின்றன.

கடலாடி:
டோம் உருவாக்கும் பிம்பம் தட்டையானதன்று, வளைந்தது; நேர்கோட்டைக் கோணாமல் காட்டும் உங்கள் லென்ஸோ தட்டையான பரப்பையே எதிர்பார்க்கிறது. 20 செ.மீ.க்கு மேற்பட்ட பெரிய டோம் மூலைகளைத் திருத்தும் என்றாலும், அதன் அகலமே ஸ்ட்ரோப் வெளிச்சத்தை மறைத்துவிடும் என்பதால் இந்த வேலைக்கு ஆகாது. எஃப்/16க்கு மேல் மூடினால் ஒளி விளிம்புவிலகலால் (சிறு துளையைக் கடக்கும் ஒளி பரவுவதால்) நடுப்பகுதியும் மென்மையாகிவிடும். மூலைகளில் பவளமோ மணலின் நுண்மையோ வராமல், வெறும் நீர் மட்டும் வரும்படி சட்டகத்தை அமையுங்கள்.