முகாம் பிள்ளைகளிடம் ஆய்வுக்குச் சென்றவர்கள், பதில் சொன்னவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

ஆய்வு மாணவி, மதுரை:

இலங்கைத் தமிழர் முகாம்களில் பிறந்த இளைஞர்களின் கல்லூரிப் படிப்பைப் பற்றி ஆய்வு செய்கிறேன். கேள்வித்தாளில் பாதிக்குமேல் மன அழுத்தம், அடையாளம், தாயகம். வீடுகளிலோ பேச்சு பிறந்த தேதியில்தான் போய் நின்றது.

ஒரு வீட்டில் அக்கா 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்தவர், தம்பி 1988-இல். அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து இரண்டு பிறப்புச் சான்றிதழ்களையும் பாயில் விரித்தார். இரண்டிலும் தமிழ்நாடு அரசின் முத்திரை. ஆனால் 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். மண்டபத்தில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்க 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. அந்த வழி இந்த அக்காவுக்கு உண்டு, தம்பிக்கு இல்லை. இன்று கல்லூரியில் படிக்கும் முகாம் பிள்ளைகள் எல்லோரும் தம்பியின் பக்கம்தான். இதைக் கேட்காமல் மன அழுத்தத்தை மட்டும் அளந்து என்ன பயன்?

முகாமில் பிறந்தவர், பொறியியல் பட்டதாரி:

அக்கா, நான் பதில் சொன்ன பக்கம். பள்ளி நாளிலிருந்தே என்னிடம் பேட்டி எடுக்கிறார்கள். 'இலங்கைக்குத் திரும்புவீர்களா?' என்று கேட்காதவர் இல்லை. நான் பார்த்தே இராத நாடு அது. கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்த நிறுவனம் கடவுச்சீட்டு கேட்டது, அதோடு சரி. இப்போது பெயின்ட் வேலைக்குப் போகிறேன். என்னைப் பார்த்துத்தான் சின்னப் பிள்ளைகள் பிளஸ் டூவோடு நின்றுவிடுகிறார்கள். தயவுசெய்து அதைக் 'கல்வியில் ஆர்வமின்மை' என்று எழுதிவிடாதீர்கள். ஒப்புதல் படிவத்தில் எங்கள் கையெழுத்து வாங்கிய ஆய்வேடு ஒன்றுகூட எங்கள் கைக்கு வந்ததில்லை.

தணிக்கை நாளில் மட்டும் வராதீர்கள், அக்கா. ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) வந்து முகாமில் ஆள் எண்ணும் நாள் அது. வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் முகம் காட்டிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

மாலை வகுப்பு ஆசிரியை:

எங்கள் முகாமுக்கு வந்த ஒரு மாணவர் தன் ஆய்வு முடிவுகளைத் தமிழில் எழுதிவந்து பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டினார். 'தந்தையருக்கு நிலையான வேலையில்லை' என்ற வரியில் ஒரு சிறுமி எழுந்து, "வேலை இருந்தது சார், தணிக்கைக்கு வந்து வந்துதான் போய்விட்டது" என்றாள். அவர் அந்தப் பகுதியை மாற்றி எழுதினார்.