ஆர்சி டிரக் சஸ்பென்ஷனில் ‘ட்ரூப்’: தமிழில் என்ன சொல்லலாம்?

அனுப்பியவர்: செ.

அனைவருக்கும் வணக்கம்.

பாறை ஏறும் ஆர்சி (ரிமோட்டில் இயங்கும்) டிரக்குகளை, அதாவது கிராலர்களை, மாற்றியமைப்பதற்கான கையேட்டில் சஸ்பென்ஷன் (தொங்கல் அமைப்பு) அத்தியாயம் ஒரே சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ‘ட்ரூப்’ என்பதற்கு வரைவில் ‘தொங்கல்’ என்று போட்டிருந்தோம். விளைவு இது:

> தொங்கல் அமைப்பில் தொங்கலைக் கூட்டினால் வண்டி தாழும்.

எழுதியவருக்கே இரண்டாவது வாசிப்பில் குழப்பம் வருகிறது.

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். பேட்டரியும் பாடியும் ஏற்றிய வண்டி சமதளத்தில் தன் எடையில் நிற்கிறது. அந்த நிலையிலிருந்து சக்கரம் இன்னும் எவ்வளவு கீழே இறங்க முடியுமோ, அதுதான் ட்ரூப். மேலே எவ்வளவு ஏற முடியும் என்பது அப்-டிராவல்.

1/10 அளவு டிரக்கில் 90 மி.மீ. ஷாக் (அதிர்வுதாங்கி) என்று வையுங்கள். முழுக்க நீண்டால் கண்ணிலிருந்து கண்ணுக்கு (இரு முனைகளிலும் போல்ட் பிடிக்கும் துளைகளுக்கு இடையே) 90, முழுக்க அமுங்கினால் 64, வண்டி நிற்கும்போது 76. ஷாக்கின் மொத்த ஓட்டம் 26 மி.மீ.; அதில் ட்ரூப் 14, அப்-டிராவல் 12. சாய்தரையில் வண்டி உருளாமல் நிற்க வேண்டுமானால் இதை 18-க்கு 8 என்று மாற்றுவார்கள். இந்த ஒரு வாக்கியத்தைத் தமிழில் சிக்கலில்லாமல் எழுத ஒரு சொல் வேண்டும். கையில் இருப்பவை: தொங்கல், இறக்கம், தொய்வு, தாழ்வு.

செ.

---

அனுப்பியவர்: மு.

செ. அவர்களுக்கு,

‘தொங்கல்’ வேண்டாம். சஸ்பென்ஷனுக்கே அதைத்தான் வைத்திருக்கிறோம். பள்ளி வேதியியலில் கரையாத துகள் மிதக்கும் கலவையும் தொங்கல்தான். மூன்றாவது சுமையை அது தாங்காது.

‘இறக்கம்’ நல்ல சொல், ஆனால் இந்தக் கையேட்டில் பாதிப் பக்கங்கள் ஏற்ற இறக்கங்களைப் பற்றியவை. “இறக்கத்தில் இறங்கும்போது முன் இறக்கம்” என்றெல்லாம் எழுத வேண்டிவரும். ‘தொய்வு’ மின்கம்பிக்கும் கயிற்றுக் கட்டிலுக்கும் உரியது. அதைக் கேட்டதும் பழுது என்ற எண்ணம்தான் வரும். இங்கே நாம் வேண்டுமென்றே வைக்கும் அளவைப் பற்றிப் பேசுகிறோம். ‘தாழ்வு’ உயரத்தைக் குறிக்கும், நகர்வைக் குறிக்காது.

இன்னொரு கேள்வி. வண்டி எடையில் ஸ்பிரிங் அமுங்குவதை, அதாவது ‘சேக்’கை, முந்தைய அத்தியாயத்தில் ‘அமுங்கல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். 90-லிருந்து 76-க்கு வந்தால் அமுங்கல் 14. உங்கள் ட்ரூப்பும் அதே 14. ஒரே மில்லிமீட்டருக்கு ஏன் இரண்டு பெயர்? அமுங்கலே போதுமே.

மு.

---

அனுப்பியவர்: தி.

மு. ஐயாவுக்கு வணக்கம்.

> ஒரே மில்லிமீட்டருக்கு ஏன் இரண்டு பெயர்?

இரண்டும் எப்போதும் ஒன்றாக இராது, ஐயா. அமுங்கல் ஸ்பிறிங்கின் கணக்கு. ட்ரூப் சில்லின் கணக்கு. (தமிழ்நாட்டு அன்பர்கள் மன்னிக்க: இங்கே சில்லு என்றால் சக்கரம், கணினிக்குள் இருப்பது அல்ல.)

செ. தந்த அதே ஷாக்கை எடுங்கோ. சில்லு 14 மி.மீ. இறங்கலாம் என்பது கீழே வரும் மூன்று அமைப்பிலும் பொது.

ஷாக் முழுக்க நீண்ட நிலையில் ஸ்பிறிங் தளர்வும் இல்லாமல் இறுக்கமும் இல்லாமல் சரியாகப் பொருந்தியிருந்தால் வண்டி நிற்கும்போது ஸ்பிறிங் 14 அமுங்கியிருக்கும். ஐயா சொன்ன நிலைமை இது மட்டும்தான்.

ஸ்பிறிங்கை அழுத்திப் பிடிக்கும் காலர் வளையத்தை 5 மி.மீ. இறுக்கி முன்னழுத்தம் கொடுத்து, அதற்கேற்ற மென்மையான ஸ்பிறிங் போட்டால், நிற்கும்போது ஸ்பிறிங் 19 அமுங்கியிருக்கும். சில்லு இறங்குவது அதே 14.

ஸ்பிறிங் கட்டையானது, ஷாக் முழுக்க நீளும்போது 6 மி.மீ. ஆடிக்கொண்டு நிற்கும் என்றால் அமுங்கல் 8 மட்டும். சில்லு முதல் 8 மி.மீ. இறங்கும்வரை ஸ்பிறிங் தள்ளும். மிச்ச 6-இல் அச்சும் ரயரும் தங்கள் பாரத்தில்தான் விழும்.

கிராலரை மாற்றுபவர்கள் தேடுவது இந்த மூன்றாவதைத்தான். வண்டி குறுக்குச் சரிவில் நிற்கும்போது மேட்டுப் பக்கத்து ஷாக் நீளும். அங்கே இறுக்கிய ஸ்பிறிங் இருந்தால் அது நீள நீளப் பாடியைப் பள்ளத்துப் பக்கம் தள்ளிவிடும். தள்ளுகிற ஸ்பிறிங் பாதியில் நின்றுவிட்டால், சில்லு தரையை விடாது, பாடியும் தள்ளுப்படாது. அமுங்கல் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதை எப்படி விளக்குவது?

என் முன்மொழிவு: கீழே போவதற்கு இறங்குவீச்சு, மேலே போவதற்கு ஏறுவீச்சு. சோடியாக நிற்கும், ஒன்றைத் தெரிந்தால் மற்றது தானே விளங்கும்.

தி.

---

அனுப்பியவர்: மு.

அமுங்கலை விட்டுவிடுகிறேன். அந்த மூன்று கணக்குகளும் அப்படியே கையேட்டில் வர வேண்டும்.

ஆனால் ‘வீச்சு’? இயற்பியல் பாடத்தில் அது அலைவின் வீச்சு. எஞ்சின் பக்கம் போனால் ‘நான்கு வீச்சு’ என்று பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும் முழு ஓட்டம். ஒரு இடத்தில் பாதி, இன்னொரு இடத்தில் முழுசு. நாம் எதை எடுக்கிறோம்?

மு.

---

அனுப்பியவர்: செ.

முதலாவதை. அலைவில் வீச்சு என்பது நடுநிலையிலிருந்து ஒரு கோடி வரை. நமக்கும் அதேதான்: வண்டி நிற்கும் நிலை நடுப்புள்ளி, அங்கிருந்து கீழ்க்கோடி வரை இறங்குவீச்சு, மேல்கோடி வரை ஏறுவீச்சு. இரண்டும் சமமாக இருக்க வேண்டியதில்லை என்பதுதான் வேறுபாடு. மொத்த 26 மி.மீ.யை ‘வீச்சு’ என்று எங்கும் எழுதாமல் ‘ஓட்டம்’ என்று வைத்துக்கொண்டால் எஞ்சின் சொல்லோடு மோதல் வராது. ‘முழுவீச்சு’ என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள், ஏதோ கட்சி மாநாட்டு ஏற்பாடு போல இருக்கும்.

செ.

---

அனுப்பியவர்: ந.

சொல் எனக்குச் சம்மதம். வரையறையில் ஓட்டை இருக்கிறது: எங்கே அளப்பது? ஷாக்கிலா, சக்கரத்திலா?

ஷாக் செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்திருந்தால், ஷாக்கில் 14 மி.மீ. என்பது ஆக்சிலில் (சக்கர அச்சில்) ஏறத்தாழ 16. இரண்டு சக்கரமும் ஒன்றாக இறங்கும்போது இந்தக் கணக்கு. ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால் ஆக்சில் சாய்கிறது. சக்கரங்களின் நடுவிலிருந்து நடுவுக்கு 200 மி.மீ., ஷாக்குகள் பிடிக்கும் இடங்களுக்கு நடுவே 120 என்றால், அந்த 16 சக்கரத்தில் 27 ஆகிவிடும். ஒரே வண்டிக்கு ஒருவர் 14 என்பார், ஒருவர் 27 என்பார், இருவர் சொல்வதும் சரி. ஆகவே வரையறையில் “ஷாக்கின் கண்ணிலிருந்து கண்ணுக்கு” என்று எழுதிவிடுங்கள். வெர்னியரை வைக்க வசதியான இடமும் அதுதான். சக்கரத்தில் அளந்தால் ‘சக்கர இறங்குவீச்சு’ என்று முன்னொட்டுப் போடட்டும்.

அளக்கும் முறையையும் சேர்க்க வேண்டும். வெறும் சேஸியில் (அடிச்சட்டத்தில்) அளந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. 3எஸ் 5000 எம்ஏஎச் லிப்போ பேட்டரி ஒன்றே 300 முதல் 400 கிராம். அது முன்னால் உட்காருகிறதா பின்னால் உட்காருகிறதா என்பதிலேயே முன்-பின் அளவு மாறிவிடும். அடுத்தது உராய்வு. ஷாக்குக்குள் இருக்கும் ஓ-ரிங் பிடிப்பும் லிங்க் (ஆக்சிலைச் சேஸியோடு இணைக்கும் தண்டு) முனைகளின் இறுக்கமும் சேர்ந்து, வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வந்து நின்றதோ அந்தப் பக்கமே கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நிற்கும். பாடியை அழுத்தி மெதுவாக விட்டு ஒரு அளவு, தூக்கி மெதுவாக இறக்கி ஒரு அளவு, இரண்டின் சராசரி. இரண்டுக்கும் இடையே 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் அளப்பதை விட்டுவிட்டு எங்கே பிடிக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் வளைந்த ஷாக் தண்டு, அல்லது அளவுக்கு மேல் முறுக்கிய லிங்க் போல்ட்.

ஷாக்குக்குள் எண்ணெய் ஊற்றும்போது தண்டை வெளியே இழுத்து வைத்து மூடியை முடுக்கினால் உள்ளே அடைபட்ட அழுத்தம் தண்டை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். மென்மையான ஸ்பிரிங்கில் அது மட்டுமே உயரத்தை மாற்றப் போதும். தண்டை முழுக்க உள்ளே தள்ளி, வழியும் எண்ணெயைத் துடைத்து, அப்புறம் மூட வேண்டும். எண்ணெயின் தடிப்பை ‘வெயிட்’ எண்ணில் எழுதாதீர்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும், சென்டிஸ்டோக்ஸ் என்ற பாகுநிலை அலகில் எழுதுங்கள். தி. சொன்ன மூன்றாவது அமைப்பில் தடித்த எண்ணெய் ஊற்றினால் சக்கரம் தன் எடையில் இறங்க நேரமாகும். தாளில் இறங்குவீச்சு 18 இருக்கும், பாறையில் சக்கரம் அந்தரத்தில் நிற்கும்.

ந.

---

அனுப்பியவர்: தி.

ந. அண்ணா சொன்னதோடு, கூட்டினால் என்ன கெடும் என்பதையும் கலைச்சொல் குறிப்பில் இரண்டு வரியாவது எழுத வேண்டும். இல்லாவிட்டால் வாசிப்பவர்கள் இறங்குவீச்சு கூடக் கூட நல்லது என்று நினைத்துக் கொள்வார்கள்.

முதலில் அடிபடுவது அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ட்ரைவ் ஷாஃப்ட். அச்சு கீழே போகப் போக அது நீண்டு, ஒன்றுக்குள் ஒன்று செருகிய பாகம் குறையும். முழு இறக்கத்தில் 10 மி.மீ. ஆவது உள்ளே இருக்க வேண்டும்; பிளாஸ்டிக் ஷாஃப்டில் அதற்குக் குறைந்தால் முறுக்கு விசையில் வாய் பிளந்துவிடும். வண்டியைக் கையில் தூக்கி, சில்லுகளைத் தொங்கவிட்டு, ஸ்பர் கியரை (மோட்டர் சுற்றும் பெரிய பல்சக்கரத்தை) விரலால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கோ. இடையில் இறுகித் தளர்ந்தால் மூட்டின் கோணம் எல்லை மீறிவிட்டது. மோட்டரைக் கொடுத்துச் சோதிக்க வேண்டாம்.

அடுத்தது முறுக்குச் சாய்வு. திடீரென்று திராட்டில் கொடுத்தால் ஷாஃப்டின் முறுக்கு பாடியை ஒரு பக்கம் சாய்க்கும். மென்மையான ஸ்பிறிங்கோடு இறங்குவீச்சைக் கூட்டிய வண்டியில் இது வெளிப்படையாகத் தெரியும். 2017-இல் வந்த டிராக்சாஸ் டிஆர்எக்ஸ்-4 போன்ற போர்ட்டல் அச்சு வண்டிகளில் குறைவு, ஏனெனில் வேகக் குறைப்பின் ஒரு பகுதி சில்லுக்குப் பக்கத்திலேயே நடக்கிறது, ஷாஃப்ட் சுமக்கும் முறுக்கு அந்த அளவுக்குக் குறையும். போர்ட்டல் இல்லாத ஆக்சியல் எஸ்சிஎக்ஸ்10 II வகையில் கூடுதல். அதை அடக்கப் பின்பக்கத்து ஷாக் ஒன்றின் காலரை மட்டும் 1-2 மி.மீ. இறுக்குவார்கள். அப்படிச் செய்தால் இடமும் வலமும் ஒரே இறங்குவீச்சாக இராது. ஆகவே அட்டவணையில் நான்கு மூலைக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும்.

தி.

---

அனுப்பியவர்: செ.

திருத்திய குறிப்பு கீழே.

இறங்குவீச்சு: பேட்டரியும் பாடியும் ஏற்றிய எடையோடு வண்டி சமதளத்தில் நிற்கும் நிலைக்கும் ஷாக் முழுக்க நீண்ட நிலைக்கும் உள்ள நீள வேறுபாடு, ஷாக்கின் கண்ணிலிருந்து கண்ணுக்கு, மி.மீ. அளவில். எதிர்ச்சொல் ஏறுவீச்சு. இரண்டும் சேர்ந்தது ஓட்டம். அமுங்கலோடு குழப்பக் கூடாது.

எடுத்துக்காட்டு வாக்கியங்கள்: “முன் இறங்குவீச்சை 14-லிருந்து 18 ஆக்கினால் சேஸி ஏறத்தாழ நாலரை மி.மீ. தாழும்.” “ஸ்கிட் பிளேட் (அடித்தகடு) பாறையில் உரசினால் இறங்குவீச்சைக் குறைத்து வண்டியை உயர்த்து.” “ஏறுவீச்சு 8-க்குக் கீழே போனால், குதிக்கும்போது ஷாக் கண் உடையும். டயரும் பாடியில் உரசும்.”

தாழ்வதால் கிடைக்கும் லாபத்தை யாரும் மிகைப்படுத்த வேண்டாம் என்று ஒரு அடிக்குறிப்பும் போடுகிறேன். சக்கர இடைவெளி 200, புவியீர்ப்பு மையம் 90 மி.மீ. உயரம் என்றால் வண்டி கவிழும் கோணம் 48 டிகிரி. நாலரை மி.மீ. தாழ்த்தினால் 49½. அந்த ஒன்றரை டிகிரியைவிட, மேட்டுப் பக்கத்து ஸ்பிரிங் தள்ளாமல் இருப்பதுதான் பெரிய லாபம். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி, காலரை அடிவரை இறுக்கியே வைத்திருப்பவர்களுக்கு அது கிடைக்காது.

செ.

---

அனுப்பியவர்: மு.

குறிப்பு சரி. ஒரே ஒரு திருத்தம். “ஷாக் முழுக்க நீண்ட நிலை” என்பதில், உள்ளே தடுப்பு போட்டவர்களை மறந்துவிட்டீர்கள். பிஸ்டனுக்குக் கீழே தண்டில் 3 மி.மீ. சிலிக்கான் டியூப் துண்டு ஒன்றைச் செருகினால் 90 மி.மீ. ஷாக் 87-லேயே நின்றுவிடும். ஓட்டம் 23, இறங்குவீச்சு 11. ஷாஃப்ட் கழன்று வரும் வண்டிக்கு மலிவான மருந்து அதுதான். ஆகவே “நீண்ட நிலை” என்பதை “தடுப்பு அனுமதிக்கும் அளவுக்கு நீண்ட நிலை” என்று மாற்றுங்கள். அந்த டியூப் துண்டுக்கு ‘இறங்குதடை’ என்று வைக்கலாம். ஷாக்குக்கு வெளியே, தண்டின் அடிக்கண்ணுக்கு மேலே செருகுவது ‘ஏறுதடை’. மறுப்பு இருந்தால் புது இழையில் எழுதுங்கள், இது நீண்டுவிட்டது.

மு.