டிஎஸ்எல்ஆரா, பாக்கெட் கேமராவா? வாங்கிப் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்

யீஷூன் வாசி

பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் மாடுகளைப் பார்க்கப் போயிருந்தோம். கூட்டத்தில் நின்றபடியே தங்கை மகன் கேட்டான்: "மாமா, முதல் சம்பளத்தில் ஒரு கேமரா வாங்கணும். லென்ஸை மாற்றிக்கொள்ளும் பெரிய டிஎஸ்எல்ஆர் வாங்கவா, பாக்கெட்டில் போடுகிற மாதிரி சின்னதா வாங்கவா?" அந்த இரைச்சலில் ஒற்றை வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். மற்றவர்களும் தங்கள் கதையைச் சொன்னால் அவனுக்கு உதவும்.

2012ல் இதே கேள்வியோடு நானும் திரிந்தேன். மகளுக்கு அப்போது நான்கு வயது. அலுவலக நண்பர், மைத்துனர், கடைக்காரர் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: பெரியதை வாங்கு, படம் பளிச்சென்று வரும். எதை எடுக்கப் போகிறாய், எங்கெல்லாம் கொண்டு போவாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. சன்டெக்கில் நடந்த கணினிச் சந்தையில் கேனன் 1100டி வாங்கினேன். கூடவே கேமராவோடு சேர்த்துத் தரும் 18-55 கிட் லென்ஸ், தூரத்தில் இருப்பதை எடுக்க 55-250 ஜூம் லென்ஸ். கேமரா மட்டும் 495 கிராம். லென்ஸ் இரண்டும் சேர்ந்து 600 கிராமுக்குப் பக்கம். பை, சார்ஜர் எல்லாம் போட்டால் ஒன்றரைக் கிலோ ஆகிவிடும்.

முதல் மூன்று மாதம் எங்கே போனாலும் அது தோளில் இருந்தது. அப்புறம் ஒரு கையில் மகள், இன்னொரு கையில் அவளுடைய தண்ணீர், மாற்றுத்துணி, தோளில் கேமரா என்று எம்ஆர்டி ரயிலில் ஏறி இறங்கி அலுத்துப்போய், "இன்றைக்கு வேண்டாம், அடுத்த முறை பார்க்கலாம்" என்று வைத்துவிட்டுப் போகும் நாட்கள் கூடின. மகள் துணைச் சக்கரம் இல்லாமல் முதன்முதலாக சைக்கிள் ஓட்டியது எங்கள் புளோக்கின் கீழேதான். சனிக்கிழமை சாயங்காலம், தயிர் வாங்க இறங்கிய நேரம். பக்கத்து வீட்டுப் பையனின் சைக்கிளை வாங்கி ஏறினாள், இரண்டு தூண்கள் தாண்டி ஓட்டிவிட்டாள். கேமரா ஒன்பதாவது மாடியில் அலமாரிக்குள் இருந்தது. அந்தப் படம் என்னிடம் இல்லை. இன்றும் அதை நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது.

ஆனால் அதே கேமராவைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அடுத்த ஆண்டு தம்பி திருமணம், சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில் பிஜிபி மண்டபத்தில். தாலி கட்டும் நொடியில் கெட்டிமேளம், எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், நடுவே எனக்குக் கிடைத்தது ஒரு முழ இடைவெளி. கண்ணை வியூஃபைண்டரில் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். அட்சதை இன்னும் காற்றில் இருந்தது, தம்பியின் விரல்கள் முடிச்சில், அம்மா கண்ணைத் துடைக்கிறார். மூன்றும் ஒரே படத்தில். டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸுக்கென்றே தனி சென்சார் இருக்கிறது. லென்ஸை எந்தப் பக்கம், எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று அதற்கு உடனே தெரிந்துவிடும். அந்தக் காலத்துச் சின்ன கேமராக்கள் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துத்தான் தெளிவைக் கண்டுபிடிக்கும். அதற்குள் அட்சதை தரையில் விழுந்திருக்கும். அந்தப் படம் இப்போது அம்மா வீட்டுச் சுவரில் இருக்கிறது.

2014ல் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் ஒரு பழைய கேமராக் கடையில் சோனி ஆர்எக்ஸ்100 என்ற சின்ன கேமரா கிடைத்தது. பாட்டரியோடு 240 கிராம். கால்சட்டைப் பையில் போய்விடும். அந்தத் தீபாவளிக்குச் சிராங்கூன் ரோட்டு விளக்கு அலங்காரத்தை இரண்டிலும், ஒரே இடத்தில் நின்று எடுத்துப் பார்த்தேன். ஜூம் செய்யாமல் எடுத்த படங்களில் வித்தியாசமே தெரியவில்லை. எனக்கு ஆச்சரியம்தான். உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

1100டியில் ஒளியைப் படமாக்கும் சென்சார் ஏறக்குறைய 22க்கு 15 மில்லிமீட்டர். ஆர்எக்ஸ்100ல் இருப்பது 13.2க்கு 8.8. பரப்பில் பெரியது கிட்டத்தட்ட 2.8 மடங்கு. ஆனால் கிட் லென்ஸின் வாய், ஜூம் செய்யாத அகலக் கோணத்தில், எஃப் 3.5 வரைதான் திறக்கும் (எஃப் எண் குறைந்தால் வாய் பெரிது). சின்னதில் இருக்கும் லென்ஸ் எஃப் 1.8 வரை திறக்கும். எஃப் எண்ணின் இருமடிக்கு எதிர் விகிதத்தில் ஒளி கூடும் என்பதால், அங்கே சின்னதுக்கு 3.8 மடங்கு ஒளி கிடைக்கிறது. சென்சாரில் இழந்ததை லென்ஸில் மீட்டுக்கொள்கிறது. ஜூம் செய்தால் கதை மாறும். ஆர்எக்ஸ்100 முழு ஜூமில் எஃப் 4.9 ஆகச் சுருங்கிவிடும், கிட் லென்ஸ் 5.6. அங்கே பெரிய சென்சார் இரண்டு மடங்குக்கு மேல் முந்திக்கொள்கிறது. "பெரிய கேமரா என்றால் இருட்டில் நல்ல படம்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். கிட் லென்ஸோடு நிற்கும்வரை அது பாதி உண்மைதான்.

உங்கள் அனுபவம் என்ன?


தெம்பனிஸ் அம்மா

அண்ணா சொன்ன லென்ஸ் விஷயத்தை நான் மேடைக்குக் கீழே உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

என் மகள் ஏழு வயதிலிருந்து பரதம் கற்கிறாள். முதல் இரண்டு ஆண்டு விழாக்களை ஒரு சாதாரண பாக்கெட் கேமராவில் எடுத்தேன். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்ன சென்சார், 6 மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். அரங்கில் சிவப்பு விளக்கு, பின்னால் கறுப்புத் திரை. அழுத்திய பிறகு அது யோசித்துப் படம் பிடிப்பதற்குள் மகள் அடுத்த அடவுக்குப் போயிருப்பாள். கிடைத்தவை எல்லாம் புள்ளி புள்ளியாக, முகமே கலங்கி இருந்தன. போதாததற்குப் பின் வரிசையில் இருந்தவர், "திரை வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது, கொஞ்சம் அணைக்க முடியுமா?" என்று கேட்டார். நியாயம்தான்.

மூன்றாம் ஆண்டு என் கொழுந்தனாரிடம் டிஎஸ்எல்ஆர் இரவல் வாங்கினேன். ஒத்திகையில் கிட் லென்ஸை முழுக்க நீட்டி எடுத்துப் பார்த்தால், ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 3200க்கு ஏற்றியும் ஷட்டர் வேகம் நொடியில் 20ல் ஒரு பங்குக்கு மேல் போகவில்லை. கை ஒரு பட்டையாகத் தெரிந்தது. பெரிய கேமராவும் கைவிட்டதே என்று மனசு தளர்ந்துபோனது. அவர்தான் மறுநாள் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸைக் கொண்டுவந்து மாட்டினார். ஜூம் கிடையாது, பிளாஸ்டிக் உடம்பு, அந்த கேமரா நிறுவனம் விற்கும் லென்ஸ்களிலேயே விலை குறைந்த வகை. 5.6க்கும் 1.8க்கும் இடையே ஏறக்குறைய 10 மடங்கு ஒளி. அதே இருட்டில் ஷட்டர் 200ல் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. தொடக்க நடனமான அலாரிப்பில் கண் அசைவுகூடத் தெளிவாக விழுந்தது.

தாய்மார்களுக்கு ஒன்று சொல்கிறேன். தீர்மானம் என்னும் தாள அடவுக் கோவை முடியும் இடத்தில் பிள்ளைகள் ஒரு கணம் அப்படியே நிற்பார்கள். வாராவாரம் வகுப்பு வாசலில் உட்கார்ந்து கேட்ட நமக்கு அந்த இடம் காதிலேயே தெரியும். தாளம் முடிவதற்குக் கால் நொடி முன்பு அழுத்துங்கள்.

ஒரு குறை: டிஎஸ்எல்ஆருக்குள் இருக்கும் கண்ணாடி எழுந்து விழும் "டப்" சத்தம். வீணை மட்டும் ஒலிக்கும் இடத்தில் அது எல்லோருக்கும் கேட்கும். அங்கே நான் கேமராவை மடியில் வைத்துவிடுவேன்.

இன்னொன்று. அந்த லென்ஸ் பிடித்துப்போய் நானே வேறு நிறுவனத்தின் டிஎஸ்எல்ஆர் ஒன்றை வாங்கியபோது, அதே நிறுவனத்தின் பழைய 50 எம்எம் லென்ஸைக் குறைந்த விலைக்கு வாங்கிவிட்டேன். மாட்ட முடிந்தது, ஆனால் தானாக ஃபோகஸ் ஆகவில்லை. சில தொடக்கநிலை கேமராக்களின் உடம்பில் ஃபோகஸ் மோட்டார் இருக்காது. லென்ஸிலேயே மோட்டார் இருக்க வேண்டும். வாங்கும் முன் கடையிலேயே மாட்டிப் பாருங்கள்.


துவாஸ் தம்பி

வணக்கம் அண்ணா, அக்கா. நான் சிவகங்கைப் பக்கம். 2011ல் கட்டுமான வேலைக்கு வந்தேன். தங்குவிடுதியில் ஓர் அறையில் பன்னிரண்டு பேர். பெரிய கேமராவை வைக்க இடம் ஏது? கூட இருந்தவர் ஊர் திரும்பும்போது தன் பாக்கெட் கேமராவை எனக்கு விற்றார். ஞாயிற்றுக்கிழமை தேக்கா, மெரினா பே, சம்பள நாள் சாப்பாடு எல்லாம் அதில்தான்.

2013ல் விடுப்பில் ஊருக்குப் போனேன். எங்கள் அப்பாவுக்குப் படம் எடுத்தாலே பிடிக்காது. கல்யாண வீட்டில் போட்டோக்காரர் வந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். இந்தக் கேமரா உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கிணற்று மேட்டில் உட்கார்ந்து வேப்பங்குச்சியை ஒடித்துக்கொண்டே என்னிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சோடு பேச்சாக நான்கைந்து எடுத்தேன். அவர் கவனிக்கவே இல்லை. நன்றாக விடிந்த காலை வெளிச்சம், அதனால் படம் அருமையாக வந்தது. அடுத்த ஆண்டு அப்பா தவறிவிட்டார். பூஜை அறையில் மாலை போட்டிருப்பது அந்தப் படம்தான். இருட்டில் எடுக்க முடியாது, ஜூம் போதாது என்று சொல்வதெல்லாம் சரிதான். எனக்கு அந்தச் சின்ன கேமரா செய்த உதவியைப் பெரியது செய்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

அது கெட்டுப்போனதும் என் வேலையிடத்தால்தான். அணைத்தால் லென்ஸ் உள்ளே போகும் வகை. மணல் துகள் ஒன்று குழாய்க்குள் போய்ச் சிக்கிக்கொண்டது, பாதியில் நின்றுவிட்டது. பழுதுபார்க்கச் சொன்ன தொகைக்கு இன்னொன்று வாங்கியிருக்கலாம். மணல், சிமெண்ட் தூசி, கடற்கரை பக்கம் போகிறவர்கள் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு போங்கள். டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் பழுதானால் லென்ஸை மட்டும் மாற்றலாம். இதில் எல்லாமே ஒன்று.


பொங்கோல் தாத்தா

எனக்குப் பறவைகள். ஓய்வு பெற்றதிலிருந்து சுங்கை பூலோ, பீஷான் பூங்கா என்று காலை நடை. நட்ட நடுப்பகல் வெயிலில் பின்திரையைப் பார்த்துப் படம் எடுக்கவே முடியாது, கறுப்பாகத்தான் தெரியும். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லாமல் நீர்நாய் ஓடும் திசையைத் தொடரவும் முடியாது. தம்பிகளே, அதற்கு டிஎஸ்எல்ஆர்தான்.

ஆனால் இந்த ஊரில் லென்ஸுக்குப் பெரிய எதிரி ஈரப்பதம். இரண்டு ஆண்டு அலமாரியில், துணிப் பைக்குள் கிடந்த என் 55-250 லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்கண்ணாடியில் சிலந்தி வலைபோலப் பூஞ்சை. அப்புறம்தான் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் டிரை கேபினெட் வாங்கினேன். ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டில் வைத்திருக்கிறேன். செலவு செய்ய விருப்பமில்லை என்றால் காற்றுப் புகாத டப்பா, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரமானி போதும். குளிர்சாதன அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்க ஆவி படியும். பையை மூடியபடியே இருபது நிமிடம் வெளியில் வைத்துவிட்டுத் திறங்கள். துடைக்காதீர்கள், லென்ஸையும் அப்போது கழற்றாதீர்கள்.


ஜூரோங் தங்கை

அம்மாவின் மேசை இழுப்பறையில் 2008 வாக்கில் வாங்கிய கேனன் இக்சஸ் பாக்கெட் கேமரா கிடைத்தது. என் தோழிகள் எல்லாம் இப்போது அந்த மாதிரிப் பழையதைத் தேடுகிறார்கள். ஃபிளாஷ் போட்டு எடுத்தால் கைப்பேசியில் வராத ஒரு நிறம் வருகிறது, எனக்கு உண்மையிலேயே பிடித்திருக்கிறது. யாராவது பழையது வாங்கினால் முதலில் பாட்டரியைப் பாருங்கள். எனக்கு அது உப்பிப்போய் வெளியே எடுக்கவே சிரமமாக இருந்தது, புதியது தேட மூன்று வாரம் ஆனது.


யீஷூன் வாசி

எல்லோருக்கும் நன்றி. தம்பி, உங்கள் அப்பா படத்தைப் பற்றிப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

தங்கை மகனும் எல்லாவற்றையும் படித்தான். நேற்றிரவு கூப்பிட்டு, கடந்த ஒரு மாதத்தில் படம் எடுக்க ஆசைப்பட்ட இடங்களைச் சொல்லச் சொன்னேன். உபின் தீவில் சைக்கிள், உணவங்காடி நிலையத்தில் நண்பர்கள், பாட்டி முறுக்கு பிழிவது என்று சொன்னான். ஒரு மேடை இல்லை, ஒரு பறவை இல்லை. எல்லாமே கைக்கெட்டும் தூரம். அப்படியானால் அவனுக்கு என் ஆர்எக்ஸ்100 மாதிரி, 1 அங்குலம் என்று பெயருக்குச் சொல்லும் சென்சார் வைத்த சின்ன கேமராதான் பொருத்தம் என்பது என் கருத்து. பெரியதை வாங்கி அலமாரியில் வைத்த நான் வேறெதையும் அவனுக்குச் சொல்ல முடியாது. என்றைக்காவது மேடை வந்தால் என் 1100டி இன்னும் ஓடுகிறது, எடுத்துக்கொள்ளட்டும். 50 எம்எம் மட்டும் அவன் வாங்கினால் போதும்.

புதிது என்றால் உள்ளூர் விநியோகஸ்தர் வழி வந்த லோக்கல் செட்டா, வெளியிலிருந்து கடை இறக்கிய எக்ஸ்போர்ட் செட்டா என்று முதலிலேயே கேட்கச் சொல்லியிருக்கிறேன். எக்ஸ்போர்ட் செட் விலை குறையும், ஆனால் உத்தரவாதம் கடையோடு நின்றுவிடலாம். சொன்ன விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும். 9 விழுக்காடு சின்னத் தொகை இல்லை. பழையது என்றால் லென்ஸை இரண்டு மூன்று முறை வெளியே வரவிட்டு, உள்ளே போகவிட்டுச் சத்தம் கேட்க வேண்டும். வெள்ளைச் சுவரைப் படம் எடுத்து, கறும்புள்ளி இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். தாத்தா சொன்ன பூஞ்சையைப் பார்க்கக் கண்ணாடிக்குள் டார்ச் அடிக்க வேண்டும்.

சனிக்கிழமை பதினொன்றரை மணிக்கு சிட்டி ஹால் எம்ஆர்டியில் சந்திக்கிறோம். டார்ச்சை நான் கொண்டுவருகிறேன்.